முதல் வெற்றியும் முடிந்த தீர்ப்பும்

தேர்தற் காலம் வந்தால் கற்றறிந்தோர் கூடும் இடங்களில் ஒரு பேச்சுத் தவறாமல் எழும். "வெல்லுகிறவன் பக்கமே சனங்கள் சாய்வார்கள், அவர்களுக்கு ஆராய்ச்சி ஏது, கொள்கை ஏது?" என்பதே அப்பேச்சு. பேசுவோர் பெரும்பாலும் தாம் அந்தச் சனங்களுள் ஒருவரல்லர் என்ற நினைப்பிலேயே பேசுகின்றனர். இந்த வாதத்தை எடுத்து ஆராய்வதற்கு உகந்த களம் ஒன்று உண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதனிலைத் தேர்தல். பெயரில்லாத ஒருவர், பணமில்லாத ஒருவர், ஒரு சிறு மாநிலத்தில் எதிர்பாராத வெற்றியொன்றைப் பெற்றதும் நாட்டின் பெரும்பகுதி அவர் பக்கம் திரும்பியதை அந்நாட்டு வரலாறு பலமுறை கண்டிருக்கிறது. அத்திருப்பம் மந்தைப் புத்தியா, மனிதப் புத்தியா? மனிதப் புத்தியே என்பது எமது துணிபு. ஆயினும் அத்திருப்பத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் உடன் கேட்டாக வேண்டும்.

முதனிலைத் தேர்தல் எனப்படுவது, ஜனாதிபதிப் பதவிக்குக் கட்சியின் அபேட்சகர் யார் என்பதைத் தலைவர்கள் அறைக்குள் இருந்து தீர்மானியாது, கட்சியைச் சார்ந்த சாதாரண வாக்காளரே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறையாகும். ஒவ்வொரு மாநிலத்து வாக்கின்படியும் கட்சி மகாநாட்டுக்குப் பேராளர் தெரிவாகின்றனர். பேராளருள் பெரும்பான்மையினரைப் பெற்றவரே அபேட்சகர். 1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதலாக விருப்பு வாக்கு இட்டுப் பழகிய எமது வாசகர்க்கு, ஒரே பட்டியலில் உள்ளவர்கள் தமக்குள் மோதும் போட்டி புதிதன்று. ஆனால் எமது விருப்பு வாக்கு ஒரே நாளில் இடப்பட்டு முடிகிறது. அமெரிக்காவிலோ பனிக்காலத்தில் ஓரிரு சிறு மாநிலங்களில் தொடங்கி, யூன் மாதம் வரை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. முன்னால் வாக்களித்தவர் என்ன செய்தார் என்பதைப் பின்னால் வாக்களிப்பவர் அறிவார். எல்லா வேற்றுமையும் இந்த ஒன்றிலே பிறக்கிறது. பொருளின் திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவதைப் பௌதிக நூலார் உந்தம் என்பர். அமெரிக்கர் அச்சொல்லையே தேர்தலுக்கும் எடுத்துக் கொண்டனர். நாமும் அதையே கையாளுவோம். அதில் வேகம் மட்டுமன்றித் திணிவும் உண்டென்பதை வாசகர் நினைவில் வைப்பாராக. பின்னர் அது வேண்டியிருக்கும்.

1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜிம்மி காட்டர் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். தென்மாநிலமான ஜோர்ஜியாவின் ஆளுநர் அவர். அப்பதவிக் காலமும் முடியும் தறுவாயில் இருந்தது. கடற்படையில் சேவை செய்தபின் ஊர் திரும்பிக் கச்சான் பயிரும் கச்சான் வியாபாரமும் செய்த கமக்காரர். தலைநகர் வொஷிங்டனில் அவரை அறிந்தோர் அரியர். "ஜிம்மியா, எந்த ஜிம்மி?" என்பது அந்நாளைய பரிகாசம். எதிரே நின்றோர் சிறியோரல்லர். செனற் சபையில் நெடுங்காலம் பேர் நாட்டிய ஹென்றி ஜக்சன், அதே சபையின் பேர்ச் பை, பிரதிநிதிகள் சபையின் மொறிஸ் உடோல், அலபாமா ஆளுநர் ஜோர்ஜ் வலஸ் ஆகியோர் அவர்களுட் சிலர்.

காட்டர் பெரிய மாநிலங்களை விட்டுச் சோளம் விளையும் அயோவாவைத் தெரிந்தெடுத்தார். அங்கே வாக்குச் சாவடி இல்லை. பாடசாலைகளிலும் தேவாலய மண்டபங்களிலும் வீடுகளிலும் கட்சியினர் கூடி, தாம் யார் பக்கம் என்று அந்நாளில் வெளிப்படையாகக் காட்டினர். இத்தகைய கூட்டத்துக்கு ஒருவரை இழுத்து வருவதற்கு விளம்பரம் போதாது. அறிந்த ஒருவர் வீடுதேடிச் சென்று அழைக்க வேண்டும். காட்டர் மாதக்கணக்காக அம்மாநிலத்தில் அலைந்தார். ஆதரவாளர் வீடுகளிலேயே படுத்துறங்கினார். 1975 ஒக்டோபரில் ஏம்ஸ் நகரிலே கட்சி விருந்தொன்று நடந்தது. அங்கு வந்தோரிடையே ஒரு பரீட்சார்த்த வாக்கெடுப்பு நடக்கும் என்பதை அறிந்த அவருடைய ஆட்கள், தம்மவர் திரளாக வந்துசேரும்படி பார்த்துக் கொண்டனர். காட்டர் முதலிடம் பெற்றார். நியூயோர்க்கிலிருந்து வெளிவரும் பெரும் பத்திரிகை அதைச் செய்தியாக்கிற்று. உந்தம் வானத்திலிருந்து விழுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? முதலில் அதைத் தள்ளுவதற்கு ஆட்கள் தேவை. தேர் அசையும்வரை சில்லுக்குக் கட்டை கொடுப்போரின் பாடு, தேர் ஓடத் தொடங்கியபின் வடம் பிடிக்க வருவோர்க்குத் தெரியாது.

1976 ஜனவரி 19ஆம் நாள் அயோவாக் கூட்டங்கள் நடந்தன. வந்தோர் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர். எவருக்கும் கட்டுப்படாதோர் என்று நின்றவர்கள் நூற்றுக்கு 37. காட்டருக்கு 28 அளவில். அடுத்தவரான பேர்ச் பைக்கு 13 அளவில். எழுத்தின்படி பார்த்தால் அன்று வென்றவர் 'எவருமில்லை' என்பவரே! ஆனால் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் காட்டர் வென்றார் என்றே கூறின. எந்த ஜிம்மி என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்துவிட்டது. பெப்ரவரி 24ஆம் நாள் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில், தம் சொந்தச் செலவில் ஜோர்ஜியாவிலிருந்து வந்து பனியிலே வீடு வீடாக ஏறி இறங்கிய தொண்டரின் உழைப்போடு, காட்டர் 28 வீதமும் உடோல் 23 வீதமும் பெற்றனர். ஐந்து வீத வித்தியாசம்! அதற்கடுத்த கிழமை மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் காட்டர் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மார்ச் 9ஆம் நாள் புளோரிடாவில் வலஸை வென்றார். ஏப்ரில் 6ஆம் நாள் விஸ்கொன்சினில் உடோல் வென்றார் என்று தொலைக்காட்சி நிலையங்கள் இரண்டு அறிவித்தும்விட்டன. விடியுமுன் கணக்கு மாறிற்று. நூற்றுக்கு ஒன்றளவான வித்தியாசத்தில் காட்டர் வென்றார். உடோல் தோற்றதாகவே ஏட்டில் நின்றது. மே மாதத்தில் மிச்சிகனிலும் அவருக்கு அதே கதி. நல்லவர், நகைச்சுவை மிக்கவர், பலருக்கும் உவப்பானவர். ஆயினும் மீண்டும் மீண்டும் இரண்டாமிடம் பெற்றவரின் பெயரை இன்று அரசியல் மாணவரே நினைவில் வைத்திருக்கின்றனர். காட்டரோ அவ்வாண்டு நவம்பரில் நாட்டின் ஜனாதிபதியானார். 2024 டிசம்பரில் நூறாவது வயதில் மறைந்தார்.

சில வீத வாக்குகள் ஒருவரைத் தூக்குவதும் மற்றவரை மறக்கச் செய்வதும் ஏன்? பொதுத் தேர்தலில் வாக்காளனுக்குக் கட்சி என்ற அடையாளம் உண்டு. சின்னத்தைக் கண்டதும் பாதித் தீர்ப்பு முடிந்துவிடும். முதனிலைத் தேர்தலில் எல்லோரும் ஒரே சின்னத்தவர். கொள்கை வேற்றுமையும் பெரும்பாலும் சிறிதே. ஏழெட்டுப் பேர் நிற்க, அவர்களுள் இருவரின் பெயரை மட்டுமே வாக்காளன் கேள்விப்பட்டிருப்பான். அவனுக்கு இரண்டு கேள்விகள் உண்டு. யார் நல்லவர் என்பது ஒன்று. தன் வாக்கை வீணாக்காமல், எதிர்க்கட்சியை வீழ்த்தக் கூடியவர் யார் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு அவனே விடை காணலாம். இரண்டாவதற்கு அவனால் தனித்து விடை காண முடியாது, ஏனென்றால் அவ்விடை மற்றவர்களின் மனத்தில் இருக்கிறது. அயோவாவிலோ நியூ ஹம்ஷயரிலோ வாக்களித்தவர்கள் அந்த மனத்தைத் திறந்து காட்டுகின்றனர். புதிய விதைநெல் நல்லதென்று கேள்விப்பட்டும், அயல் வயலில் அது முளைத்ததைக் கண்டபின்னரே தன் வயலில் விதைக்கும் கமக்காரனை நாம் மூடன் என்போமா?

சட்டம் கற்றோர் இதனை இன்னொரு வகையாலும் விளங்கிக் கொள்ளலாம். பெயரற்ற அபேட்சகர்மேல் ஓர் எண்பிக்கும் சுமை கிடக்கிறது. தாம் வெல்லக்கூடியவர் என்பதை அவரே எண்பிக்க வேண்டும். பேர்பெற்றவருக்கு அச்சுமை இல்லை. அவர் வெல்வார் என்பது ஊகமாகவே கொள்ளப்படுகிறது. எதிர்பாராத முதல் வெற்றி அந்தச் சுமையை இடம் மாற்றிவிடுகிறது. இனிப் பதில் சொல்லவேண்டியவர் பேர்பெற்றவர். 'எதிர்பாராத' என்னும் சொல்லே இங்கு உயிர்நாடி. வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தவர் வென்றால் அதிற் செய்தி இல்லை. அரசியல் அறிஞர் லரி பார்ட்டல்ஸ் 1988இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலிலே, வாக்காளர் அறிந்தது குறைவாகவும் அபேட்சகர் புதியவராகவும் இருக்கும் இடத்திலேதான் உந்தம் வலிமை பெறுகிறது என்று காட்டினார். நன்கு அறியப்பட்ட ஒருவரைப் பற்றி மக்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிடுகின்றனர். ஒரு மாநிலத்து முடிவு அவர்களை எளிதில் அசைப்பதில்லை.

தோற்றும் வெல்லலாம் என்பதற்கு 1968ஆம் ஆண்டு சான்று. வியற்நாம் போரை எதிர்த்து, பதவியிலிருந்த ஜனாதிபதி ஜோன்சனுக்கு எதிராகத் தம் கட்சிக்குள்ளேயே நின்றார் யூஜின் மக்கார்த்தி. அவருக்காக மாணவர் திரண்டனர். ஊரார் முகஞ்சுளிக்கலாகாது என்று தாடி மழித்து, முடி வெட்டி, நியூ ஹம்ஷயர் வீடுகளின் கதவைத் தட்டினர். மார்ச் 12ஆம் நாள் மக்கார்த்தி பெற்றது நூற்றுக்கு 42. ஜோன்சனின் பெயர் வாக்குச் சீட்டில் அச்சிடப்படாதிருந்தும் அதனைக் கையால் எழுதியே 49 வீதத்தினர் அவரை ஆதரித்தனர். ஆகவே ஜோன்சனே வென்றார். நான்கு நாளில் றொபேட் கெனடி களத்தில் இறங்கினார். மார்ச் 31ஆம் நாள் ஜோன்சன் தாம் இனிப் போட்டியிடுவதில்லை என்றார். வென்றவர் விலகினார்! இதிலே ஒரு முரணும் உண்டு. அன்று மக்கார்த்திக்கு வாக்களித்தோரிடையே, போர் வேண்டாம் என்போரிலும், போரை இன்னும் கடுமையாக நடத்தவேண்டும் என்போரே மிகுதியாக இருந்தனர் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பின்னர் கண்டனர். ஜோன்சன்மேற் கொண்ட சலிப்பே அவர்களை ஒன்றாக்கிற்று. வாக்காளர் சொன்னது ஒன்று, நாடு கேட்டது வேறொன்று. உந்தத்தைப் புகழும்போது இதையும் மறத்தலாகாது. அவ்வாண்டு முதனிலைத் தேர்தல் எதிலும் இறங்காத ஹம்பிறியையே சிக்காகோ மகாநாடு ஓகஸ்றில் அபேட்சகராக்கியது. அதனால் எழுந்த கொந்தளிப்பிலிருந்தே கட்சியின் விதிகள் திருத்தப்பட்டு, 1972 முதலாக மக்கள் வாக்குக்கு உண்மையான பலம் கிடைத்தது. காட்டர் நுழைந்தது அந்த வாசலால் என்க.

மந்தைப் புத்தி என்போர்க்கு நாம் காட்டும் தலையாய சான்று 2008. கறுப்பினத்தவரான பராக் ஒபாமா போட்டியிட்டபோது, 2007 முழுவதும் கறுப்பின வாக்காளரிலேயே பெருந்தொகையினர் ஹிலறி கிளின்டன் பக்கம் நின்றனர். அவர்கள் ஒபாமாவை விரும்பாமலில்லை. வெள்ளையர் ஒரு கறுப்பருக்கு வாக்களிப்பர் என்று நம்பவில்லை. அவர்களின் நூற்றாண்டு அனுபவம் அது. ஜனவரி 3ஆம் நாள், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வெள்ளையரான அயோவாவில் ஒபாமா ஏறத்தாழ 38 வீதம் பெற்று முதலிடத்துக்கு வந்தார். கிளின்டன் மூன்றாமிடம். அந்த இரவில் மாறியது கறுப்பின மக்களின் கொள்கையன்று. அயலவனைப் பற்றிய அவர்களது மதிப்பீடே மாறியது. ஜனவரி 26ஆம் நாள் தென் கரோலினாவில் அவர்களுள் ஐந்தில் நால்வர் அளவினர் ஒபாமாவுக்கு வாக்களிக்க, அவர் நூற்றுக்கு 55 பெற்றார். நெடுங்காலம் ஒடுக்கப்பட்டிருந்த மக்கள், தமக்கு உகந்தவரைத் தெரிவதற்கு உலகம் இடந்தரும் என்பதை அறிந்து செய்த தெரிவை மந்தையின் ஓட்டம் என்று பேசுவோர் நாவை அடக்குவது நன்று. இடையிலே நியூ ஹம்ஷயர் மக்கள், கருத்துக் கணிப்புகள் ஒபாமாவே வெல்வார் என்று கூறியிருந்தும், கிளின்டனை வெல்லவைத்தனர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஊகம் ஊகமே, எதிர்ச்சான்று கொண்டு அதனை முறிக்கும் உரிமையை மக்கள் விட்டுக் கொடுப்பதில்லை.

இனித் திணிவின் கதைக்கு வருவோம். 1980 ஜனவரியில் குடியரசுக் கட்சியின் ஜோர்ஜ் புஷ், மூத்த புஷ், அயோவாவில் றேகனைச் சிறு வித்தியாசத்தால் வென்றுவிட்டுப் பெரிய உந்தம் தம்மிடம் இருப்பதாகப் பெருமை பேசினார். உந்தத்தைக் கொண்டு எங்கே போகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. பெப்ரவரி 23ஆம் நாள் நாஷுவா நகர விவாத மேடையில், ஏனைய அபேட்சகரையும் பேசவிட வேண்டும் என்று றேகன் வாதாட, அவருடைய ஒலிவாங்கியை நிறுத்தும்படி நடுவர் கட்டளையிட, அதற்குக் காசு கொடுத்தவன் நான் என்று றேகன் சீறினார். புஷ் வாளாவிருந்தார். மூன்று நாளில் நியூ ஹம்ஷயர் வாக்காளர் றேகனுக்கு 50 வீதமும் புஷ்சுக்கு 23 வீதமும் வழங்கினர். 1984இல் கரி ஹார்ட்டின் கதை இதனினும் பரிதாபமானது. அயோவாவில் மொண்டேலுக்கு 49 வீதம், ஹார்ட்டுக்கு 16 வீதம் அளவில். அந்த இரண்டாமிடமே எதிர்பாராததாய் இருந்தமையால், எட்டு நாளின் பின் நியூ ஹம்ஷயரில் ஹார்ட் மொண்டேலை வீழ்த்தினார். காற்று அவர் பக்கம் வீசிற்று. ஆனால் தூற்றுவதற்குச் சுளகு இல்லை! சில மாநிலங்களில் தம் பேராளர் பட்டியலை முழுமையாகப் பதிவு செய்வதற்கும் அவருக்கு ஆளில்லாதிருந்தது. மக்கள் வாக்களிக்கத் தயார். அவ்வாக்கைப் பேராளராக்கத் தாளில்லை. மனுத் தாக்கலின் கடைசி நாளை மறந்த கட்சிக்காரனுக்கு எந்த நீதிமன்றமும் இரங்காது. மொண்டேலுக்கோ தொழிற்சங்கங்களும் கட்சிப் பெரியோரும் இருந்தனர். அவரே அபேட்சகரானார்.

விலை கொடுப்பவர் யார் என்று தொடக்கத்தில் கேட்டோம். பின்னால் வாக்களிப்பவரே. 2004ஆம் ஆண்டுத் தேர்தலை ஆராய்ந்து 2010இல் எழுதிய நைற், ஷிவ் என்னும் பொருளியலாளர் இருவர், முன்னால் வாக்களித்தோரின் செல்வாக்குப் பின்னால் வாக்களித்தோரின் செல்வாக்கிலும் ஐந்து மடங்கு வரை இருந்தது என்று கணித்தனர். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது சட்டம். ஒருவருக்கு ஐந்து என்பது கலண்டர்! 2020இல் ஜோ பைடன் அயோவாவில் நான்காம் இடத்துக்கும் நியூ ஹம்ஷயரில் ஐந்தாம் இடத்துக்கும் தள்ளப்பட்டு, முடிந்துபோனவர் என்று எழுதப்பட்டிருந்தார். பெப்ரவரி 29ஆம் நாள் தென் கரோலினாவின் கறுப்பின மக்கள் அவரை எழுப்பினர். இரண்டு நாளில் புட்டஜிஜ்ஜும் குளோபுச்சரும் விலகினர். மார்ச் 3ஆம் நாள் பதினான்கு மாநிலங்களில் பத்தைப் பைடன் வென்றார். பிரசாரமே செய்யாத அளவுக்கு விட்டுவைத்த மின்னசோட்டாவும் அவற்றுள் ஒன்று. வியத்தகு மீட்சிதான். ஆனால் கலிபோர்னியா முதலிய மாநிலங்களில் முன்கூட்டியே தபாலில் வாக்களித்தோருட் பலர், விலகிப் போனவர்களுக்கு இட்ட வாக்கை மீளப் பெற வழியின்றி நின்றனர்.

அவ்வாறாயின் எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களிக்கட்டும் என்று சிலர் கூறுவர். நாம் அதற்கு உடன்படோம். ஒரே நாளென்றால், நாடு முழுவதும் விளம்பரம் செய்யப் பணமுள்ளவரும் ஏற்கெனவே பெயருள்ளவருமே நிற்கலாம். கச்சான் விற்ற காட்டர் அயோவாவின் கிராமங்களை நடந்து கடந்தார். ஐம்பது மாநிலங்களை நடந்து கடக்க எவராலும் இயலாது. படிப்படியாக நடக்கும் முறை எளியவனின் நெம்புகோல். அதைப் பிடுங்காமல், அதன் அநீதியைக் குறைப்பதே முறை. முதல் மாநிலம் என்ற பாத்தியதை ஒருவருக்கே பரம்பரைச் சொத்தாகலாகாது. நியூ ஹம்ஷயர் தன் முதனிலைத் தேர்தல் ஏனையவற்றுக்கு ஏழு நாளேனும் முந்தவேண்டும் என்று சட்டமே இயற்றி வைத்திருக்கிறது. இவ்வுரிமையை யார் கொடுத்தார் என்று கேட்டால், தானே எடுத்துக் கொண்டேன் என்பதே விடை. மாநிலங்கள் முறைவைத்து முன்வர வேண்டும். வென்றவருக்கே எல்லாப் பேராளரும் என்றில்லாது, வாக்கின் விகிதப்படி பேராளர் பகிரப்பட வேண்டும். ஜனநாயகக் கட்சியில் அவ்விதி இருந்தமையாலேயே 2008இல் ஒபாமா, கிளின்டன் போட்டி யூன் மாதம் வரை நீண்டு, கடைசி மாநிலத்தவர் வாக்குக்கும் பெறுமதி இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வரிசையை வகுப்பவர் போட்டியாளராய் இருத்தல் கூடாது. 2023இல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு, பதவியிலிருந்த பைடனின் விருப்பத்துக்கிணங்கத் தென் கரோலினாவை முதலாவதாக்கியது. அயோவாவின் பழைய இடம் பறிபோயிற்று. 2020இல் கணக்கிடும் கருவி பழுதாகி முடிவு வெளிவரத் தாமதித்தமை அதற்கு ஒரு காரணமாயிற்று. பெரும்பாலும் வெள்ளையரான ஒரு மாநிலத்துக்குப் பதில் கறுப்பின மக்கள் நிறைந்த மாநிலம் முந்தியது நன்றே. ஆனால் அம்மாநிலமே 2020இல் பைடனைக் காப்பாற்றியது என்பதும், 2024இல் அவரை எதிர்த்து எழக்கூடிய எவருக்கும் அங்கு முதல் வெற்றி எட்டாது என்பதும் யாவரும் அறிந்தவை. 2024 பெப்ரவரி 3ஆம் நாள் பைடன் அங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெற்றார். அவ்வாண்டு யூலை 21ஆம் நாள் அவரே போட்டியிலிருந்து விலகியபோது முதனிலைத் தேர்தல்கள் யாவும் முடிந்திருந்தன. முதனிலைத் தேர்தல் எதிலும் தம் பெயரில் வாக்குப் பெறாத கமலா ஹரிஸ் அபேட்சகரானார்.